நிர்ணய சபையின் மறத்தல் வகுப்பு

பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் படம் வரையத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ள ஒரு சபையும் இருந்தது. சித்திரத் தொழில் அப்பியாச நிர்ணய சபை என்பது அதன் முழுப் பெயர். லேபிள், விளம்பரம், அச்சுப் படம் என்று வரைந்து பிழைக்க விரும்புகிறவன் எந்தப் பயிற்சியைத் தேர்ந்துகொள்ள வேண்டும், அதை எத்தனை மாதம் பயில வேண்டும், பயின்றதை யாரிடம் காட்ட வேண்டும் என்றெல்லாம் நிர்ணயம் செய்வது அதன் வேலை. சபைக்கு ஏழாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அதற்குள் அது நூற்றுப் பன்னிரண்டு விதிகளை வகுத்திருந்தது. அத்தாட்சிப் பத்திரம் மட்டும் இன்னும் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. அவசரப்பட்டுக் கொடுத்துவிடக் கூடாது என்பது முதல் விதி.

1912ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் கிருபைராஜ் அந்தச் சபையின் படியேறினான். இருபத்தாறு வயது. ஓர் உபதேசியாரின் மகன். மேலப்பாளையத்தில் ஒரு கல்லச்சுக்கூடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன். கல்லச்சில் எழுத்தையும் படத்தையும் கல்லின்மேல் இடவலம் மாற்றி எழுத வேண்டும். தாளில் ஒற்றி எடுக்கும்போதுதான் அது நேராகும். கிருபைராஜுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஓடும். கல்யாணமான புதிதில் மாமனாருக்கு எழுதிய கடிதத்தை ஞாபகப் பிசகாக முழுவதும் மாற்றியே எழுதிவிட்டான். மாமனார் அதை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன் பிடித்து வாசித்துவிட்டு, மருமகன் பெரிய படிப்பாளி போலிருக்கிறது என்று பயந்து பதிலே எழுதவில்லை. அவன் வரைந்த ஒட்டக மார்க் படத்துக்காகவே சுருட்டுப் பிடிக்கப் பழகியவர்கள் மேலப்பாளையத்தில் இரண்டு பேர் உண்டு.

அச்சுக்கூடத்து முதலாளி காலமாகிவிட்டார். அவர் மனைவி மஹ்மூதா பீவி கொழும்பில் கடை வைத்திருந்த மகன்களிடம் போவதென்று முடிவு செய்து கூடத்தை மூடினார். கிருபைராஜுக்கு வேலை போயிற்று. தூத்துக்குடியில் பேதி மருந்துக்கான நிலாவாரை இலையைக் கட்டுக்கட்டாகச் சீமைக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி, மூட்டைகளுக்கு ஒட்டும் லேபிள் வரைய ஆள் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகத் தேடியது. நிர்ணய சபையின் பத்திரம் பெற்றவர்கள் மட்டும் மனுச் செய்யலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால் ஒருவரும் மனுச் செய்யவில்லை. மூட்டைகள் லேபிள் இல்லாமலே கப்பலேறிக்கொண்டிருந்தன.

வேறு வழி ஒன்று இருந்தது. கிருபைராஜின் மைத்துனர் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். கிறிஸ்மஸுக்குள் வந்தால் கொழுந்து நிறுக்கும் வேலை தருவதாகக் கடிதம் எழுதியிருந்தார். கிருபைராஜ் அந்தக் கடிதத்தை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டான். கொழுந்து நிறுக்கும் தராசுக்கு முன்னால் காலம் முழுவதும் நிற்பதாக நினைத்தாலே அவன் விரல்கள் மரத்துப்போயின. பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு ஆசிரியையாக இருந்த அவன் மனைவி லில்லி, முதலில் பத்திரத்துக்கு ஆகவேண்டியதைப் பார்க்கச் சொன்னாள். எட்டு வருஷம் வரைந்தவனுக்குப் பத்திரம் தருவதற்கு எத்தனை நாளாகிவிடும் என்று இருவரும் நினைத்தார்கள்.

சபையின் காரியதரிசி சங்கரசுப்பிரமணியன். மெலிந்த மனிதர். மேசையில் ஆறு அடிக்கோல்களை நீள வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். ஆறும் ஒரே நீளம். அவர் கிருபைராஜிடம் நாற்பத்தொரு கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். ஏழாவது கேள்வி, மனுதாரர் இதற்கு முன் படம் வரைந்தது உண்டா என்பது. கிருபைராஜ் உண்டு என்று எழுதினான். எழுதியதோடு நிற்காமல், தான் வரைந்த லேபிள்களில் நல்லதாகப் பன்னிரண்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் பரப்பினான்.

காரியதரிசி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். பிளேக் நோய் கண்ட வீட்டுக்குள் தவறி நுழைந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். சபையில் நேர்கோடு, வளைகோடு, எழுத்து, நிழல், வர்ணம் என்று ஐந்து பிரிவுகள் இருக்கின்றன, ஐந்திலும் தேறினால்தான் ஒருவன் சித்திரத் தொழிலுக்கு நிர்ணயிக்கப்பட்டவன் ஆவான் என்று அவர் விளக்கினார். இதுவரை வரைந்தே இராதவன் நேராக நேர்கோட்டுக்குப் போகலாம். வரைந்தவன் போக முடியாது.

"முறை தெரியாம வரஞ்ச கையில தோஷம் இருக்கும்வே," என்றார். "அது எறங்குனாத்தான் முறையான கோடு ஏறும். நீரு மொதல்ல மறத்தல் வகுப்புல சேரணும். மூணு மாசம். முடிவுல ஒரு பரீட்சை உண்டு."

என்ன பரீட்சை என்று கிருபைராஜ் கேட்டான்.

"மாடு வரையணும். அது மாடுன்னு பரிசோதகருக்குத் தெரியக் கூடாது."

காரியதரிசி கெட்டவர் அல்ல. ஒரு ரப்பர் துண்டை எடுத்து ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சற்று நேரம் வெளியே பார்த்தார். உண்டு என்பதை அழித்துவிட்டு இல்லை என்று எழுதினால் மூன்று மாதம் மிச்சம். கிருபைராஜ் ரப்பரைக் கையில் எடுத்தான். பரப்பிக் கிடந்த பன்னிரண்டு லேபிள்களும் அவனைப் பார்த்தன. அவன் ரப்பரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மறத்தல் வகுப்பில் சேர்ந்தான்.

வகுப்பில் அவனோடு சேர்ந்து ஏழு பேர். காலையில் ஒரு மணி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு இடக்கையால் வரைய வேண்டும். கிருபைராஜுக்கு இடக்கையும் வந்தது. கண்ணைக் கட்டிவிட்டு வரையச் சொன்னார்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது தாளில் ஓர் ஆடு நின்று பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. காரியதரிசி அதைப் பார்த்து மிகவும் வருத்தப்பட்டார். முற்றிய கேஸ் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அந்த வகுப்பின் சிறந்த மாணவன் அப்பாத்துரை. சப் ரிஜிஸ்திரார் மகன். இருபது வயது. ஏழாவது கேள்வியை, போட்டோ எடுத்துக்கொண்டது உண்டா என்று கேட்பதாக எண்ணி, குற்றாலத்தில் வைத்து ஒரு தடவை என்று எழுதியதால் இந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தவன். அவனுக்கு மறக்க ஒன்றும் இருக்கவில்லை. முதல் வாரப் பரிசோதனையில் அவன் வரைந்த மாட்டைக் காரியதரிசி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கடைசியில், ஆர்மோனியப் பெட்டியாக இருக்கலாம் என்றார். முழு மார்க்கு.

கிருபைராஜ் தன்னால் ஆனதைச் செய்தான். மாட்டுக்கு ஐந்து கால் வைத்தான். தலையைச் சதுரமாகப் போட்டான். காரியதரிசி ஒரு நொடி பார்த்துவிட்டு, இது நாங்குநேரிப் பக்கத்து மாடு, கொம்பைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். தோல்வி. மறுவாரம் அவன் காலும் வேண்டாம் தலையும் வேண்டாம் என்று வெறும் வட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தான். காரியதரிசி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன்னையறியாமல், படுத்துக் கிடக்கு, சினை மாடு போலிருக்கு என்றார். அதுவும் தோல்வி.

கிருபைராஜ் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். என்னவென்று லில்லி விசாரித்தாள். சொன்னான். அவள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் மாடு வரைந்தால் மாடு மாதிரி இருக்காது, வேண்டுமானால் சனிக்கிழமை அங்கே வந்து அவர்களிடம் படிக்கிறீர்களா என்று கேட்டாள். அவள் கேலியாகத்தான் கேட்டாள். கிருபைராஜ் யோசித்துப் பார்த்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அப்பாத்துரையிடம் போனான். வண்ணார்பேட்டை பாலத்துக்குக் கீழே, ஆற்று மணலில், மாலை நேரங்களில் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பாத்துரை நல்ல பிள்ளை. தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டான். ஆனால் என்ன சொல்வதென்று அவனுக்கு விளங்கவில்லை. தான் ஒன்றும் செய்வதில்லை, கை பாட்டுக்குப் போகிறது என்றான். கிருபைராஜ் கூர்ந்து கவனித்தான். இங்கே முதுகு இப்படி இறங்கியிருந்தால் மாடாகியிருக்கும், நீ ஏற்றிவிட்டாய். இங்கே கழுத்துக்கு ஒரு வளைவு வேண்டும், நீ கொடுக்கவில்லை என்று ஒவ்வொரு பிசகாகப் பிரித்து மணலில் போட்டுக் காட்டி, அதைத் தானும் கற்றுக்கொள்ளப் பார்த்தான்.

பத்து நாள் இப்படி நடந்தது. பதினோராம் நாள் அப்பாத்துரை வெளிறிப்போய் வந்தான். கையிலிருந்த தாளைக் காட்டினான். நாலு காலும் ஒரு வாலும் தெளிவாகத் தெரிந்தன.

"அண்ணாச்சி, எனக்கு மாடு வருது," என்றான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுருவாவ."

அதோடு அவன் ஆற்றங்கரைக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஒரு வாரம் படுத்துத் தூங்கியதில் பழைய நிலைக்கு வந்துவிட்டதாகப் பிறகு கேள்வி.

வைகாசியில் முடிவுப் பரீட்சை நடந்தது. வெளியூர்ப் பரிசோதகர் ஒருவர் வந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எல்லாருடைய மாட்டையும் மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, என்னவென்று தெரியவில்லை என்று சொல்லி அத்தனை பேரையும் தேற வைத்தார். காரியதரிசிக்குக் கிருபைராஜ் விஷயத்தில் திருப்தியில்லை. ஆனால் பரிசோதகர் முடிவே முடிவு என்று விதி இருந்தது. நேர்கோட்டுப் பிரிவில் கிருபைராஜ் ஒன்பது அங்குலக் கோடு ஒன்றை நாற்பது நாள் போட்டான். அதில் அவனைக் குறை சொல்ல இடமில்லாமல் போயிற்று. வளைகோட்டுப் பிரிவுக்குப் போனான்.

வளைகோட்டுப் பிரிவில் ஒரே ஒரு பாடம். சீமையிலிருந்து வரவழைத்த வெள்ளைச் சாந்தில் வார்த்த இலை ஒன்று உண்டு. அதைப் பார்த்து வரைய வேண்டும். அந்த இலை ஒரு பெரிய பீரோவில் பூட்டிக் கிடந்தது. சபையின் சொத்தாகையால் அங்கத்தினர் மூன்று பேர் முன்னிலையில்தான் பீரோவைத் திறக்கலாம். மூன்று பேரில் ஒருவர் இன்னொருவர்மேல் வாய்க்கால் வழக்குப் போட்டு ஆறு வருஷமாக இருவரும் ஓர் அறைக்குள் உட்காருவதில்லை. ஆகவே மாணவர்கள் பீரோவுக்கு எதிரே உட்கார்ந்து, பொருள் ஜாபிதாவில் எழுதியிருப்பதை வைத்து இலையை வரைந்தார்கள். ஜாபிதாவில், இலை ஒன்று, வெள்ளை, நீளம் பதினான்கு அங்குலம், நல்ல நிலை என்று இருந்தது.

கிருபைராஜ் மூன்று நாள் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள், அறை பெருக்க வந்த இசக்கித்தாய் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். நடுவயதுப் பெண். சபை தொடங்கிய நாளிலிருந்து அங்கே பெருக்குகிறவள்.

"தம்பி, அந்தப் பீரோவுக்குப் பின்பலகை கெடையாது," என்றாள் பைய. "கரையான் தின்னுட்டு. மாசத்துக்கு ஒருக்கா நாந்தான் பின்னால கைய விட்டுத் தூசி தட்டுதேன். யாருட்டயும் சொல்லிராத."

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் கிருபைராஜ் பீரோவுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தான். இலை அழகாகத்தான் இருந்தது. விளிம்பெல்லாம் பிசிறுபிசிறாக வெட்டுப்பட்டு, நுனி சுருண்டு, அவன் எந்தச் செடியிலும் காணாத இலை. அவனுக்கு நாலு மாதத்தில் முதல் தடவையாக விரல்கள் துடித்தன. வந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் வரைந்தான். கடைசி நிழலைப் போட்டு முடித்தபோது தாள்மேல் இலை கிடப்பது போலவே இருந்தது.

காரியதரிசி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஏழு வருஷத்தில் தேறிய இலைகள் ஐம்பத்திரண்டு கோப்பில் இருந்தன. சில வெற்றிலை மாதிரி இருந்தன, சில வாழை, ஒன்று பனையோலை விசிறி. ஒவ்வொன்றோடும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"அம்பத்திரெண்டு பேரு வரஞ்சிருக்காவ. ஒண்ணுகூட இப்படி இல்லியே," என்றார். "நீரு எதப் பாத்து வரஞ்சீரு?"

கிருபைராஜ் பீரோவைப் பார்த்தான். பிறகு வராந்தாவில் வாளியைத் தூக்கிக்கொண்டு போன இசக்கித்தாயைப் பார்த்தான். பொய் சொல்லவும் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. சைபர் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று குறிப்பும் எழுதினார்கள்.

ஆவணியில் சபையின் ஏழாவது ஆண்டு விழா வர இருந்தது. அந்த விழாவில் முதல் அத்தாட்சிப் பத்திரம் அப்பாத்துரைக்குக் கொடுக்கப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். அவன் மறத்தல் வகுப்போடு சேர்த்து ஐந்து பிரிவுகளையும் ஆறே மாதத்தில் கடந்திருந்தான். எந்தப் பிரிவிலும் அவனிடம் திருத்துவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. அறிவித்த பிறகுதான் சபைக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. கொடுப்பதற்குப் பத்திரம் வேண்டும். பத்திரம் எப்படி இருக்கும் என்று யாரும் இதுவரை யோசித்ததில்லை.

சபையில் ஐந்து பிரிவு ஆசிரியர்களையும் கூட்டிப் பத்திரம் வரையச் சொன்னார்கள். நேர்கோட்டு ஆசிரியர் ஓரத்தில் நாலு கோடு போட்டுவிட்டு, தன் பங்கு முடிந்தது என்றார். மூலைகளை வளைக்க வேண்டியிருந்தது. வளைகோட்டு ஆசிரியர் நேர்கோட்டில் கை வைப்பது பிரிவு ஒழுங்குக்கு விரோதம் என்றார். எழுத்து ஆசிரியருக்கு உயிரெழுத்து வரைக்கும்தான் பாடத்திட்டம். நிழல் ஆசிரியர், முதலில் ஏதாவது பொருள் இருந்தால்தானே நிழல் விழும் என்று கேட்டார். வர்ண ஆசிரியர் இரண்டு வருஷமாக லீவில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து கிருபைராஜும் லில்லியும் வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் காரியதரிசி குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். லில்லி காப்பி கொடுத்தாள். அதைக் குடித்து முடிக்கும்வரை அவர் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு மெதுவாக, ஒரு பத்திரம் வரைந்து தர முடியுமா என்று கேட்டார். வெளியே தெரியக் கூடாது. செய்து கொடுத்தால் சபையின் மனத்தில் இருக்கும் என்றார்.

"மறக்கணும்னு சொன்னது நீங்கதானய்யா," என்றாள் லில்லி.

"அது கல்விம்மா. இது காரியம்," என்றார் காரியதரிசி.

கிருபைராஜ் ஒப்புக்கொண்டான். வரையும் ஆசைக்காகவா, தனக்கும் பத்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்காகவா என்று அவனுக்கே தெரியாது. திருநெல்வேலி டவுனில் தெரிந்த ஒரு அச்சுக்கூடத்தில் கல் ஒன்றை இரவல் வாங்கி மூன்று நாள் வேலை செய்தான். ஓரம் முழுவதும் நிலாவாரைக் கொப்பு ஓடியது. கீழே தாமிரபரணி, அதில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. நடுவே எழுத்து, தேர்வடம் பிடித்து இழுத்தது போல விறைப்பாக, ஒரு சீராக நின்றது. மாதிரித் தாளை லில்லி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்தக் கொக்கை மட்டும் விரலால் தொட்டாள்.

விழாவுக்கு நல்ல கூட்டம். சபைத் தலைவர் ராவ் சாகிப் நெல்லையப்ப பிள்ளை சரிகைத் தலைப்பாகையோடு எழுந்து பத்திரத்தை உயர்த்திக் காட்டினார். ஜனங்கள் பிரமித்துப்போனார்கள். அவர் பேசினார்.

"மகா ஜனங்களே, ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த ஜில்லாவில் என்ன நிலைமை? வரையத் தெரிந்தவன் வரைந்தான். வேண்டியவன் வாங்கிக்கொண்டான். கேட்பார் கிடையாது. இன்றைக்கு அந்த அலங்கோலம் உண்டா? எந்தக் கம்பெனியை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பத்திரம் இல்லாதவனை வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். பத்திரமோ இன்று காலை வரைக்கும் யாரிடமும் இல்லை. எப்பேர்ப்பட்ட ஒழுங்கு! சிலர் கேட்கிறார்கள், இந்தச் சபையால் எவனாவது படம் போடக் கற்றானா என்று. படம் போடக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நாங்கள் எப்போது சொன்னோம்? எங்கே கற்கலாம் என்று நிர்ணயிப்பதே எங்கள் கடமை. அப்படிப்பட்ட இடம் இந்த ஜில்லாவில் எங்குமே இல்லை என்று ஏழு வருஷ ஆராய்ச்சியின் பலனாக நிர்ணயித்திருக்கிறோம். இந்தப் பத்திரத்தின் வேலைப்பாட்டைப் பாருங்கள். முறையான பயிற்சி இல்லாத கைக்கு இது வருமா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்பாத்துரை பத்திரத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். கிருபைராஜும் கைதட்டினான். கொக்கின் கழுத்து நன்றாக அமைந்துவிட்டது என்று தூரத்திலிருந்தும் தெரிந்தது.

மறுநாள் அவன் தனக்கும் பத்திரம் வேண்டுமென்று எழுதி மனுக் கொடுத்தான். சபை கூடி விவாதித்தது. ராவ் சாகிப் அவனை அழைத்து நிற்க வைத்துத் தீர்ப்பைச் சொன்னார். பத்திரத்தைத் தானே வரையக் கூடியவனிடம் பத்திரத்தைக் கொடுத்தால், அது சபை கொடுத்ததா அவன் வரைந்ததா என்று யாருக்குத் தெரியும்? அதோடு, மறத்தல் வகுப்பில் அவன் எதையும் மறக்கவில்லை என்பதற்குப் பத்திரமே சாட்சி. ஆனாலும் சபை கருணை உள்ளது. எனக்குப் படம் வரையத் தெரியாது, நான் எந்தப் பத்திரமும் வரையவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டால் இன்றைக்கே ஒன்று கொடுத்துவிடலாம்.

தாளும் பேனாவும் தயாராக இருந்தன. காரியதரிசி இங்கே என்று விரலால் இடத்தைக் காட்டினார். கிருபைராஜ் பேனாவை எடுத்து மையில் தொட்டான். தூத்துக்குடி வேலை அந்தத் தாளுக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது. மைச் சொட்டு ஒன்று நுனியில் திரண்டு நின்றது. அது விழுவதற்கு முன் அவன் பேனாவைத் திரும்ப மைக்கூட்டில் வைத்தான்.

"வரையத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு, பெறவு எந்தக் கையால அங்கன போயி வரையதுக்கு?" என்று கேட்டான்.

"அது கம்பெனி பாடு," என்றார் ராவ் சாகிப்.

கிருபைராஜ் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டான். வீடு வரைக்கும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குள் வந்ததும் வலக்கையை விரித்துப் பார்த்துவிட்டு அழுதான். லில்லி வேதப்புத்தகத்திலிருந்து அண்ணன் கடிதத்தை எடுத்துப் பதில் எழுதினாள்.

தூத்துக்குடிக் கம்பெனி, சபையின் முதல் பத்திரத்தை மாலை போடாத குறையாக வரவேற்று அப்பாத்துரையைப் புரட்டாசியில் வேலைக்கு வைத்துக்கொண்டது. கிருபைராஜ் மார்கழி முதல் வாரத்தில் கொழும்புக் கப்பலுக்குச் சீட்டெடுத்தான். தான் முதலில் போய், பிறகு லில்லியை வரவழைப்பதாக ஏற்பாடு. லில்லி வழியனுப்ப ரயிலில் கூடவே வந்தாள். கப்பல் தூரத்தில் கடலில் நின்றது. ஆட்களை ஏற்றிப் போகும் கடைசிப் படகு புறப்பட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. லில்லியைத் தகரப் பெட்டிமேல் உட்கார வைத்துவிட்டு, வெற்றிலை வாங்கப் போன கிருபைராஜ், கம்பெனியின் சரக்குக் கிட்டங்கி வாசல்படியில் அப்பாத்துரை உட்கார்ந்து வேர்க்கடலை தின்பதைக் கண்டான்.

அப்பாத்துரை எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அவனைப் போன வாரம் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம். அவன் வரைந்த நிலாவாரை இலை நண்டு மாதிரி இருந்திருக்கிறது. முந்நூறு மூட்டைகளில் அந்த லேபிளை ஒட்டிச் சீமைக்கு அனுப்பினார்கள். அங்கே துறைமுகத்தில் உள்ளே நண்டு என்று நினைத்து ஐஸ் கிடங்கில் போட்டுவிட்டார்கள். இலை அத்தனையும் ஊறிக் கெட்டுத் தந்தி வந்தது. அப்பாத்துரைக்கு வருத்தமில்லை. சோடாக் கடை வைக்கப் போவதாகச் சொன்னான். ஆற்று மணலில் படித்தபோதே தான் தொடர்ந்து வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று மட்டும் சொன்னான். பிறகு, பழைய வாத்தியாரை விட்டுவிட மனமில்லாதவன் போல, வேண்டாம் வேண்டாம் என்றவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

தலைமைக் குமாஸ்தா மரிய அந்தோணி பருத்த மனிதர். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குப் பின்னால் சுவரில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நிர்ணய சபையின் பத்திரம் பெற்றவர்கள் உள்ளே வரக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அப்பாத்துரை அதை ஒருமுறை பார்த்துவிட்டு, கிருபைராஜைப் பற்றிச் சொல்லிவிட்டு, மரியாதையாக வெளியே போய் நின்றுகொண்டான்.

"சபைப் பத்திரம் இருக்காவே?" என்று கேட்டார் மரிய அந்தோணி.

இல்லை என்றான் கிருபைராஜ்.

"நல்லது. இல்லங்கிறதுக்கு அத்தாட்சி என்ன வச்சிருக்கீரு?"

கம்பெனிக்குப் புது உத்தரவு வந்திருப்பதாக மரிய அந்தோணி சொன்னார். லேபிளுக்கு ஆள் வைப்பதானால், அவன் பத்திரம் பெறாதவன் என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரம் கோப்பில் இருக்க வேண்டும். பெற்றுவிட்டு மறைத்து வருகிறவர்கள் இருக்கலாம் அல்லவா? பாளையங்கோட்டைக்குப் போய்ச் சபையிடமே, இவர் எங்களிடம் பத்திரம் பெறவில்லை என்று ஒரு பத்திரம் வாங்கி வரலாம் என்றார். அதற்குச் சபை எத்தனை வருஷப் பயிற்சி வைக்கும் என்று கிருபைராஜுக்குத் தெரியும். கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். படகு கரையை விட்டு ஒரு நடை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

அப்போது அவனுக்கு வந்தது கோபம்தான். ஆனால் அவன் கோபப்பட்டுப் பழகாதவனாகையால் அது வேறு மாதிரி வெளியே வந்தது. ஒரு தாள் கொடுங்கள் என்று கேட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, மேசையிலிருந்த சாதாரண எழுதுகோலாலேயே வரையத் தொடங்கினான். மேலே மூட்டை சுமக்கும் ஆட்கள் வரிசை, இரு பக்கமும் நிலாவாரை, காயும் பூவுமாக. கீழே கடலும் பாய்மரமும். நடுவில், பாளையங்கோட்டை கிருபைராஜாகிய நான் எந்தச் சபையிலும் எந்தப் பத்திரமும் பெற்றவனல்லன் என்று எழுதினான். எழுத்து முடியும்போது மரிய அந்தோணி நாற்காலியை விட்டு எழுந்து அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். கிட்டங்கி ஆட்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் கூடியிருந்தார்கள். ஒருவர் நிலாவாரைக் கொப்பைச் சுட்டி, இது நேற்றுப் பறித்தது என்றார்.

கிருபைராஜ் கீழே கையெழுத்துப் போட்டான். அதைப் போடுவதில் அவனுக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

"நீரே எழுதி நீரே கையெழுத்துப் போட்டது செல்லுமான்னு கேப்பாவ," என்றார் மரிய அந்தோணி. "கேக்கட்டும். நம்ம கோப்புக்கு ஒரு காயிதம் வேணும், அம்புட்டுத்தான்." கம்பெனி முத்திரையை எடுத்துக் உள்ளங்கை அளவுக்கு ஒன்று ஓங்கிக் குத்தினார். படத்தின்மேல் படாதபடி ஓரமாகப் பார்த்துக் குத்தினார்.

கிருபைராஜ் படகுத்துறைக்கு வந்தபோது கடைசிப் படகு புறப்பட ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. லில்லி பெட்டிமேல் உட்கார்ந்தபடி அவன் விரல்களைப் பார்த்தாள். மூன்று விரலில் மை. எழுந்து படுக்கைச் சுருட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப் பக்கமாக நடந்தாள்.

தூத்துக்குடியிலேயே வீடு பார்த்தார்கள். அடுத்த ஆவணியில் சபையின் எட்டாவது ஆண்டறிக்கை தபாலில் வந்தது. காரியதரிசி சங்கரசுப்பிரமணியன் தன் கைப்பட முகவரி எழுதி அனுப்பியிருந்தார். லில்லி அதைப் பிரித்து வாசித்தாள். சபையின் நடவடிக்கைகள் பதினெட்டுப் பக்கம். விதிகள் நூற்று முப்பது ஆகியிருந்தன. கடைசிப் பக்கத்தில் பலன்கள் என்ற தலைப்பில் மூன்று வரி இருந்தது.

சபையில் பயின்று, பத்திரம் பெறாமல் வேலை பெற்றவர் ஒருவர். சபையில் பயின்று, பத்திரம் பெற்று வேலை இழந்தவர் ஒருவர். ஆகச் சபையால் பயனடைந்தவர்கள் இருவர்.

லில்லி பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.